சைகோனில் நம்ம சவேரியார்

பாளையங்கோட்டை எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக்குழு) 19 பேர், கூடவே பங்குத்தந்தை, ஆக 20 பேர் போன தை மாதம் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் போய்வந்தோம். ஊர்க்காரர்கள் இன்னமும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். நம்ம பக்கத்து டிராவல்ஸ் ஒன்று கூட்டிப்போனது. கொச்சியிலிருந்து நேர் விமானம், ஐந்து நாள், விசாவும் சேர்த்து ஆளுக்கு 68,000 ரூபாய். வேறு பங்குக்காரர்கள் கிளம்பினால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். என் சித்திக்கு இ-விசா எழுதும்போது டிராவல்ஸில் அந்த அப்பா பெயரை விட்டுவிட்டார்கள். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது நான்தான் கவனித்தேன். மறுபடி 25 டாலர் கட்டி விண்ணப்பித்தோம். அந்தப் பணத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை. விசா கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டை அருகில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

பெரிய வருத்தம் வேறு. பயணத்தாளில் நோத்ர தாம் பேராலயம், தன் தின் கோவில் என்று போட்டிருந்தார்கள். கோவில் என்றால் திருப்பலியும் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பேராலயம் 1880-ல் கட்டி முடித்தது. பிரான்சின் மார்செய் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த செங்கல், இன்றும் சிவப்பு மாறவில்லை. ஆனால் 2017-ல் தொடங்கிய சீரமைப்பு முடியாததால் சாரம் கட்டிக் கிடந்தது, எங்களை உள்ளே விடவில்லை. எதிரே நிற்கும் மாதா சுரூபத்தின் முன் ஜெபமாலையில் ஒரு பத்து மணிகள் மட்டும் சொன்னோம். பதினைந்தாவது நிமிஷம் வேன் ஹார்ன் அடித்தது. தன் தின் கோவில் அடி முதல் கோபுரம் வரை ரோஸ் நிறம், பார்க்க அவ்வளவு அழகு. அங்கேயும் போட்டோ எடுக்க மட்டும்தான் நேரம். எங்கள் தெரு ஆச்சிக்கு வயது 74. வேனில் ஏறும்போது, “பூசை எப்பம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது உள்ளூர் வழிகாட்டிப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும், அவளும் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் கோவில் புனித பிரான்சிஸ் சவேரியார் கோவில் என்று ஃபாதர் ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயும் ஒரு சவேரியார் கோவில் இருக்கிறது, காலை ஐந்துக்குக் கிளம்பத் தயாரா என்று கேட்டாள். நான்காம் நாள் கடைவீதியை விட்டுவிட்டுப் போனோம்.

சோ லோன் என்றால் பெரிய சந்தை என்று அர்த்தம், சீனர்கள் வாழும் பகுதி. அங்கேதான் அவள் சொன்ன சவேரியார் கோவில், சா தாம் கோவில் என்பார்கள். வாசல் வளைவு சீன முறையில் இருக்கிறது, பீடத்தருகே சீன எழுத்துகள். 1900 டிசம்பர் 3, சவேரியார் திருநாளன்றே அடிக்கல் போட்டிருக்கிறார்கள். 1542-ல் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் ஜெபித்தவர், பத்து வருஷம் கழித்துச் சீனாவுக்குள் நுழையக் காத்திருந்து, கரை தெரியும் தீவில் இறந்தார். அவரைச் சீனக் கத்தோலிக்கர்கள் பாதுகாவலராக வைத்திருப்பதைப் பார்க்க மனசு நிறைந்தது. சுரூபத்தைப் பார்த்த ஆச்சி, “யம்மா, நம்ம சவேரியாரு இங்கயும் வந்துட்டாரா!” என்று விசும்பிவிட்டாள். ஜெபத்தை அந்தக் கோவில் மக்கள் ராகமாகவே சொல்கிறார்கள். எங்களுக்குப் புரிந்தது மரியாவும் ஆமெனும் மட்டும். அதுவே போதுமாக இருந்தது. 1963 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அன்றைய தென் வியட்நாம் ஜனாதிபதி ங்கோ தின் தியெம் தம்பியோடு இந்தக் கோவிலுக்குத்தான் வந்தார். இங்கிருந்து கொண்டுபோன வழியில் இருவரையும் கொன்றுவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

ரோடு கடப்பதைச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் தாமிரபரணி வெள்ளம் மாதிரி வருகின்றன. ஓடாதே, நிற்காதே, பின்வாங்காதே, ஒரே வேகத்தில் நட, அவர்களே விலகிப் போவார்கள் என்றாள் அந்தப் பெண். ஆச்சியின் கையைப் பிடித்து அப்படியே நடந்தோம். ஒரு வண்டிகூட உரசவில்லை.

சாப்பாட்டுக்கு டிராவல்ஸ் தினமும் வட இந்திய ஓட்டல்தான் ஏற்பாடு செய்தது. ரொட்டி, பன்னீர், மறுபடியும் ரொட்டி. சத்துணவுக் கூடத்தில் 28 வருஷம் வேலை பார்த்தவள் நான், சாப்பாட்டில் எனக்குக் கண் உண்டு. உள்ளூர்ச் சாப்பாடே நமக்கு ஒத்துவரும். நொய்யரிசிச் சோற்றில் சுட்ட பன்றிக்கறி வைத்துத் தரும் கொம் தாம், புளி கரைத்த மீன் சாறு கான் சுவா, இரண்டையும் ஆச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மீன் சாஸ் வாடை முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். நம்ம ஒரு ரூபாய் அவர்கள் பணத்தில் ஏறக்குறைய 300 டாங். பூஜ்யங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் அந்தக் காலத் தமிழ் வியாபாரிகள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. வியட்நாம் பெண்கள் ஊதுவத்தியோடு வரிசையில் நின்றார்கள். நம்ம கோபுரத்தை அங்கே பார்த்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தங்குமிடம், வேன் இரண்டும் சுத்தம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், அதில் ஒன்று வழிகாட்டிப் பெண்ணுக்கு. முன்பணம் கொடுக்கும் முன் எந்தக் கோவிலில், எத்தனை மணிக்குத் திருப்பலி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் டிசம்பர் எங்கள் திருவிழாவுக்கு அவளை வரச் சொல்லி ஆச்சி என் போனில் பேசி அனுப்பினாள். டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.