புதுப்பித்த பழைய வீடு: ஓராண்டு பாலிசியா, பத்தாண்டு பாலிசியா?

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசியைத் தந்தாக வேண்டும். அடிப்படை ஷரத்துகள் எங்கும் ஒன்றே. மாறுவது பிரீமியமும் நாம் தேர்ந்தெடுக்கும் காலமும்தான்.

பத்தாண்டுக்கு எடுத்தால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆனால் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு, அதிகபட்சம் இருமடங்கு வரை, கூடுதல் பிரீமியமின்றி ஏறும். கொத்தனார் கூலியும் கம்பி விலையும் ஏறுகிற ஏற்றத்துக்கு இது பெரிய சலுகை.  ஓராண்டுப் பாலிசியைப் புதுப்பிக்கும்போது நீங்களே தொகையை ஏற்ற வேண்டும், பலர் ஏற்றுவதில்லை.

இருந்தும், வேலை முடியாத வீட்டுக்கு ஓராண்டே சரி. கார்பெட் ஏரியா (வெளிச்சுவர் நீங்கிய உட்பரப்பு) 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால், கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (எழுத்துத் திருத்தம்) போட்டால்தான் அந்தப் பகுதிக்குக் காப்பீடு. 980 சதுர அடி வீட்டில் மாடியில் 12-க்கு 12 அறை ஒன்று போட்டாலே வரம்பு தாண்டிவிடும். பரப்பு கூடாமல் தேக்குக் கதவும் கிரானைட்டும் போட்டிருந்தாலும் பழைய விலைப்படியே தொகை நிற்கும்.

எந்தக் காலத்தை எடுத்தாலும் பழைய வீட்டுக்காரர் சறுக்குவது சதுர அடி விலையில்தான். கான்ட்ராக்டர் சொல்வது சுவரையும் சேர்த்த பரப்புக்கு. பாலிசி பெருக்குவது வெளிச்சுவர் நீங்கிய கார்பெட் ஏரியாவை. 14 அங்குலச் சுவர் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. சுவரோடு 1,200 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் திருப்பிக் கட்ட 30 லட்சம். அதே விலையைக் கார்பெட் ஏரியாவான 980-ஆல் பெருக்கி எழுதினால் 24.5 லட்சம்தான் வரும். 30 லட்சம் வர, அடிக்கு 3,061 ரூபாய் என்று எழுத வேண்டும். ஆயிரத்துக்கு 30 பைசா பிரீமியம் என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 195 ரூபாய் மிச்சம் பிடிக்க ஐந்தரை லட்சத்தை விட்டுவிடுகிறோம். தொகை குறைவு என்று இழப்பீட்டை விகிதப்படி வெட்டமாட்டார்கள்தான். ஆனால் கட்டடச் சேதத்துக்குப் பாலிசித் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

வீட்டுப் பொருளையும் சேர்த்தால் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் வரை, பட்டியலின்றிக் கிடைக்கும். சுவரில் பதித்த மாடுலர் கிச்சன் இதில் வராது, கட்டடக் கணக்கில் போகும். அதையும் சதுர அடி விலையில் ஏற்றுங்கள்.

சுவர் இடிக்கும் வேலையால் மண் இறங்கி விரிசல் விட்டால் இரண்டு பாலிசியிலும் பணம் வராது. அதற்கு, கட்டுமான வேலையின்போது நேரும் சேதத்துக்கான கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க் பாலிசி வேண்டும். அதிலும் பழைய கட்டடத்தைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.