தனி அரட்டையா, ஆவணத்துக்குள் இருக்கும் உதவியாளரா?

அலுவலக வேலைக்கு சாட்ஜிபிடி, கிளாட் போன்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலிகளின் தனி அரட்டை போதுமா, இல்லை வேர்டு, ஜிமெயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கோபைலட், ஜெமினி போன்ற ஏஐ உதவியாளர் வேண்டுமா என்று பலரும் குழம்புகிறார்கள்.

விவரம் கொடுப்பது
தனி அரட்டை: கோப்பை ஏற்றுவது, ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் நம் வேலை. பதிலை எடுத்து ஒட்டினால் சில நேரம் தடித்த எழுத்தைக் காட்டும் நட்சத்திரக் குறிகளும் (**) கூடவே வரும்.
உள்ளே இருப்பது: 40 பதில் நீண்ட மின்னஞ்சல் தொடரைத் திறந்து ‘சுருக்கு’ என்றால் போதும். ஆனால் யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதை மூலக் கடிதத்தில் பாருங்கள். “பார்க்கலாம்” என்றவர் சுருக்கத்தில் “சரி” என்றவராகிவிடலாம்.

யோசிப்பது
இதில் தனி அரட்டைக்குத்தான் என் ஓட்டு. “இந்தத் திட்டத்தில் ஓட்டை எங்கே?” என்று கேட்டு, பதிலை மறுத்து, அப்புறம் மறுபடி கேட்கலாம். 2024 முதல் சாட்ஜிபிடியில் நினைவு வசதியும் உண்டு. நம் எழுத்து நடையை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது கையிலுள்ள ஆவணத்தை ஒட்டியே யோசிக்கும்.

செலவு
தனி: இலவசமாகத் தொடங்கலாம், பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு.
உள்ளே: பெரும்பாலும் நிறுவனச் சந்தாவோடு வரும்.

ரகசியம்
வாடிக்கையாளர் விவரங்களைச் சொந்தக் கணக்கில் ஒட்டவே வேண்டாம். அதற்கு நிறுவனம் அனுமதித்த கருவிதான் சரி.

நாள் முழுக்க மின்னஞ்சலும் கூட்டக் குறிப்புமாக இருப்பவருக்கு உள்ளே இருப்பது. வெற்றுப் பக்கத்தில் தொடங்குகிறவருக்குத் தனி அரட்டை.