கார்புரேட்டர் ரிப்பேர் கிட்: ரப்பருக்காக வாங்கலாம், பித்தளையை நம்ப வேண்டாம்

ஐட்லிங் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டரைத் திருகினால் திணறுகிறது என்றால் பழைய பைக் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்குவது கார்புரேட்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) ரிப்பேர் கிட். ரவுண்ட் ஸ்லைடு (ஆக்சிலரேட்டரைத் திருகினால் மேலேறும் உருளை வடிவ அடைப்பான்) உள்ள கார்புரேட்டர்களுக்கு அசல் தயாரிப்பாளர் அல்லாதவர்கள் செய்து விற்கும் கிட்களைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. உறைக்குள் ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் என்னும் மிதவை தூக்க, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி), அது உட்காரும் சீட்டு, கிண்ணத்துக்கான கேஸ்கட், சில ஓ-ரிங்குகள், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பைலட் ஜெட், மெயின் ஜெட், ஸ்லைடில் தொங்கும் ஜெட் நீடில், அது நுழையும் நீடில் ஜெட், ஏர் ஸ்க்ரூ, அதற்கான ஸ்பிரிங் எல்லாம் இருக்கும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அந்த மூன்றும் ரப்பர் சாமான்களுக்கு மட்டும்.

உறையைப் பிரிக்கும் முன் கோளாறு கார்புரேட்டரில்தானா என்று பாருங்கள். பற்றவைப்பின் பாயிண்ட் இடைவெளி, கண்டென்ஸர், டைமிங், அதோடு வால்வு கிளியரன்ஸ் இவை சரியில்லாத வண்டிக்கு எந்தக் கிட்டும் உதவாது. கண்டென்ஸர் போனாலும் எஞ்சின் இருமும், மிஸ் ஆகும். பழி கார்புரேட்டர் மேல் விழும். அடுத்தது பெட்ரோல் வரத்து. டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். முதலில் நன்றாக வந்து போகப்போக மெலிந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி வேகமெடுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கார்புரேட்டரைத் தொடவே தேவையில்லை.

வரத்து சரி என்றால் கோளாறு எந்தத் திறப்பில் வருகிறது என்று பிடிக்க வேண்டும். கைப்பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் குறியிடுங்கள். எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால் முதல் முக்கால் வரை ஜெட் நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும், ஆனாலும் எந்தச் சாமானைக் கழற்றுவது என்று சொல்ல இது போதும். திணறும் இடத்தில் சோக்கை (பெட்ரோல் பங்கைக் கூட்டும் நெம்பு) கொஞ்சம் இழுத்துப் பாருங்கள்: தெளிந்தால் பெட்ரோல் குறைவு, இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். எல்லாத் திறப்பிலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் ஜெட்டை விட்டு ஃப்ளோட்டைப் பாருங்கள்.

ஐட்லிங் ஏறி இறங்கி, ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் தாமதமாக அடங்கினால் இன்டேக் பக்கம் காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் இணையும் இடத்தில் தண்ணீரைப் புகையாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சூடான சைலன்சர் பக்கத்திலிருக்கும்போது இதற்குப் பெட்ரோலோ ஸ்ப்ரே கிளீனரோ வேண்டாம். பிரிட்டிஷ் கம்பெனியான அமாலின், 1967-இல் வந்த கான்சென்ட்ரிக் போன்ற கார்புரேட்டர்களில் போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கி, எஞ்சினோடு இணையும் ஃப்ளேஞ்சே வளைந்திருக்கும். புது ஓ-ரிங் போட்டாலும் காற்று நிற்காது, தட்டையான கண்ணாடி மேல் எமரி தாள் வைத்துத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஸ்லைடும் பாடியும் தேய்ந்திருந்தால் அதற்கும் கிட்டில் மருந்தில்லை.

இனி கிட். கேஸ்கட், ஓ-ரிங் இரண்டும் பெரும்பாலும் பழுதில்லை. ஒரு சோதனை மட்டும்: ஒரு ஓ-ரிங்கை ஒரு நாள் பெட்ரோலில் ஊறப்போட்டு முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் சாதாரண ரப்பர் உப்பும், பிறகு பள்ளத்தில் உட்காராது. விட்டான் ரப்பர் இதைத் தாங்கும், அப்படி எழுதியிருக்கும் கிட்டுக்கே முன்னுரிமை.

ஃப்ளோட் நீடில் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழையதன் கூம்பில் வளையமாகத் தழும்பு விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் புதியதன் மொத்த நீளத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். நீளம் மாறினால் ஃப்ளோட் உயரம் மாறும், அதோடு கிண்ணத்தில் பெட்ரோல் மட்டமும் மாறும். சீட்டு பாடியில் அடித்து இறக்கப்பட்ட வகை என்றால் கிட்டில் வரும் சீட்டு வெறும் எடை. பழையதைப் பஞ்சுக் குச்சியும் மெட்டல் பாலிஷும் வைத்து மெருகேற்றிக் கழுவுங்கள். ஃப்ளோட் உயரம் அளக்கும்போது கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் நாக்கு நீடிலைத் தொட வேண்டும், அதன் தலையில் உள்ள ஸ்பிரிங்கை அமுக்கக் கூடாது. முழுக்கக் கவிழ்த்து அளந்தால் ஸ்பிரிங் அமுங்கிக் கணக்குத் தப்பும். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும்.

பித்தளைச் சாமான்கள்தான் இந்தக் கிட்களின் பலவீனம். ஜெட்டில் உள்ள எண் எல்லாக் கம்பெனிக்கும் பொது இல்லை: அமால் எண் நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்கிறது என்பதைக் குறிக்கும், ஜப்பானியக் கம்பெனியான கெய்ஹினில் துளையின் விட்டம், 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட எண் மட்டும் போதாது. ஜெட் நீடிலைப் பத்து மில்லிமீட்டருக்கு ஓர் இடம் வீதம் அளந்து பழையதோடு வைத்துப் பாருங்கள். சரிவு தொடங்கும் இடம் சற்றுத் தள்ளியிருந்தாலே நடுத்திறப்பு கெட்டுவிடும். நீடிலின் உயரத்தை மாற்ற உதவும் கிளிப் பள்ளங்களின் எண்ணிக்கையே வேறாக இருக்கும் கிட்களும் உண்டு. பழைய நீடில் ஜெட் உராய்ந்து முட்டை வடிவமாகி, பாதித் திறப்பில் பிளக் கருக்கிறதா? மாற்றுங்கள், ஆனால் அசல் தயாரிப்பாளரின் ஜெட்டாக வாங்குங்கள். மற்றபடி பழைய ஜெட்டுகள் அனேகமாக அடைப்பைத் தவிர வேறெதுவும் ஆகாதவை. பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான துளை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய செம்புக் கம்பி ஒற்றை இழை, கிளீனர், பிறகு காற்று. ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதற்குப் பிறகு அந்த ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை. கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேரெதிர். மெதுவாக உட்காரவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். கிட் ஸ்க்ரூவின் கூம்பு பழையதைவிட மொண்ணையாக இருந்தால் திரும்ப உறைக்குள் போடுங்கள்.

கிண்ணத்தை மூடும் முன் கார்புரேட்டரைக் கவிழ்த்து, பெட்ரோல் வரும் குழாயில் டியூப் செருகி மெதுவாக ஊதுங்கள்: காற்று போகக் கூடாது, நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். பிறகு வண்டியில் மாட்டி, அடியில் காகிதம் விரித்து, ஸ்டார்ட் செய்யாமல் பத்து நிமிடம் பெட்ரோல் டேப்பைத் திறந்து வையுங்கள். காகிதம் நனைந்தால் நீடில் உட்காரவில்லை. காகிதம் காய்ந்திருந்தாலும் எஞ்சின் ஆயில் குச்சியை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் உதைக்க வேண்டாம்.