மெரிடாவில் வாங்கிய செம்பொடி: யாரும் ஏமாற வேண்டாம்

மெக்சிகோவின் யுகடான் பக்கம் போகிறவர்கள் அச்சியோட்டே பொடி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 150 பெசோ தண்டம் அழுதவள் சொல்கிறேன்.

அச்சியோட்டே என்பது முள்முள்ளான காய்க்குள் இருக்கும் சிறிய செந்நிற விதை. கடைகளில் அன்னாட்டோ என்றும் எழுதியிருப்பார்கள். மெரிடாவில் 'கொச்சினிட்டா பிபில்' சாப்பிட்ட நாளிலிருந்து எனக்கு அதன்மேல் பைத்தியம். பூண்டு, மிளகு, சீரகத்தோடு அரைத்த அச்சியோட்டே விழுதைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துப் பன்றி இறைச்சியில் தடவி, வாழை இலையில் பொதிந்து, மண்ணுக்குள் குழியடுப்பில் வேகவைப்பார்கள். காரமே கிடையாது, லேசான மண்வாசமும் மிளகுச் சாயலும்தான்.

சந்தையில் உள்ளூர்க்காரர்கள் விழுதைக் கட்டியாக வாங்கிப்போவதைப் பார்த்தேன். பார்த்தும், பெட்டியில் எடை ஏறுமே என்று சுற்றுலாக் கடை ஒன்றில் 'நூறு சதவீதம் சுத்தம்' என்று ஒட்டியிருந்த பொடியை வாங்கினேன். அது என் புத்தி.

சென்னைக்கு வந்து கோழிக்குத் தடவலாம் என்று ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் கலந்து பொடியைப் போட்டேன். கரண்டி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பாத்திரம் முழுவதும் ரோஸ்மில்க் நிறம்! பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளையாக மாவு படிந்தது. விரலில் தொட்டு நக்கினால் பச்சை மாவுச் சுவை.

இந்த விதையின் நிறம் பிக்சின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். சந்தேகம் தீர ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பொடியைப் போட்டேன். பொடி அடியில் கிடந்தது. எண்ணெய் அப்படியே தெளிவாக இருந்தது. ஆக, நான் வாங்கியது தண்ணீரில் கரையும் ஏதோ சாயம் ஏற்றிய மாவு. அசல் விதையாக இருந்தால் இளஞ்சூட்டிலேயே எண்ணெய் செம்பொன் நிறமாகியிருக்கும். (புகைய விடக் கூடாது, விதை கறுத்துக் கசந்துவிடும்.)

மாவு கலப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. பிரேசிலில் 'கொலொராவ்' என்ற பெயரில் சோளமாவு சேர்த்தே வெளிப்படையாக விற்கிறார்கள். சுத்தம் என்று எழுதிவிட்டுச் சாயத்தைக் கலப்பதுதான் அயோக்கியத்தனம். எண்ணெய் சிவந்துவிட்டால் சரியான பொடி என்றும் நம்பிவிடாதீர்கள். 2005இல் பிரிட்டனில் மிளகாய்ப்பொடியில் அகப்பட்ட 'சூடான்' என்ற, உணவில் தடைசெய்யப்பட்ட செயற்கைச் சாயமும் எண்ணெயில் கரைகிற ரகம்தான். அதனால் பொடியே வேண்டாம், முழு விதையாக வாங்குங்கள். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளங்கையில் தேய்த்தால் கையில் ஒட்ட வேண்டும். வெயில் படும் கண்ணாடிச் சாடியில் கிடந்து பழுப்பேறியதைத் தொடாதீர்கள். வெளிச்சத்தில் நிறம் செத்துவிடும்.

கடைக்குப் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். 'இயற்கைப் பொருளில் நிறம் மாறுபடும்' என்று ஒரு வரி வந்தது. அடுத்த இரண்டு மடல்களுக்குப் பதிலே இல்லை.

மீதிப் பொடியைக் குப்பையில் போடப் போனபோது அத்தை தடுத்து, கோலமாவில் கலந்துவிட்டார். வாசலில் நல்ல ரோஜா நிறம்.