விசுக்கனிக்குச் சட்டம் எதற்கு? சட்டம், அரசாணை, தீர்மானம்: ஓர் ஒப்பீடு

2008-இல் விசுவுக்கு, அதாவது சித்திரைப் பிறப்புக்கு, முந்தைய இரவு ஆச்சி வழக்கம்போல் கனி வைத்தாள். நிலைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அதன் முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் மாம்பழம், வாழைப்பழம், வெள்ளரிக்காய், சரக்கொன்றை, தன்னுடைய ஒற்றைச் சங்கிலி, மஞ்சள் தடவிய ஐந்து ரூபாய் நாணயங்கள். விடிவதற்கு முன் ஒவ்வொருவரையும் பின்னாலிருந்து கண்ணைப் பொத்தி அழைத்துப் போய்க் கண்ணாடி முன் நிறுத்துவாள். அந்த ஆண்டு நான் சும்மா இருக்காமல், “ஆச்சி, வருடப் பிறப்பைத் தைக்கு மாற்றிச் சட்டம் போட்டுவிட்டார்கள், தெரியுமா?” என்றேன். கையை எடுக்காமலே கேட்டாள்: “பாபநாசத்தில் தீர்த்தவாரி உண்டா, இல்லையா?” உண்டு என்றேன். “அப்படியானால் கண்ணைத் திற.”

தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்ற அந்தச் சட்டம் 2008 தொடக்கத்தில் வந்தது. ஆட்சி மாறியதும் 2011 ஆகஸ்டில் அதை நீக்கி இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு மசோதா, இரண்டு வாக்கெடுப்பு, இரண்டு முறை ஆளுநர் ஒப்புதல், இரண்டு முறை அரசிதழ். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். தை முதல் நாள் பொங்கல். இரண்டு நாளும் எப்படியும் விடுமுறை. திருநெல்வேலிச் சீமையில் தைப் பிறப்புக்குப் பனையோலை எரித்துப் பொங்கலிட்டவர்கள் அப்படியே பொங்கலிட்டார்கள். சித்திரைக்குக் கனி கண்டவர்கள் அப்படியே கண்டார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் ஊர் டீக்கடையில் உடனே ஒரு குரல் வரும்: “இதற்குத்தானா அண்ணாச்சி, மாதம் ஒரு லட்சத்து ஐயாயிரம் சம்பளம்?” 2017-இல் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்ததை யாரும் மறக்கவில்லை. மறக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கொஞ்சம் அவசரப்படுகிறது. 234 பேருக்கும் மசோதா வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் உண்டு. பெயர், நாள், பாட்டு, சின்னம் மாதிரியான சின்ன விஷயங்களை அரசு கையாள மூன்று வழிகள் இருக்கின்றன: சட்டம், அரசாணை, தீர்மானம். இவற்றில் எது மக்களுக்கு அதிகச் செலவு வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. டீக்கடைக் கணக்கில் சட்டம்தான் முதல் குற்றவாளி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சட்டம்

சட்டத்தின் பலம், அது சபைக்கு வந்தாக வேண்டும் என்பது. எதிர்க்கட்சி எழுந்து ஒரு வார்த்தை சொல்ல இடம் உண்டு. அது அவைக்குறிப்பில் ஏறும். குற்றம், தண்டனை, வரி என்று வந்தால் சட்டம் இல்லாமல் ஆகாது. அதன் பலவீனம் வேறு: பிறந்த சட்டம் லேசில் சாவதில்லை.

புத்தாண்டுச் சட்டம் யாரையும் தண்டிக்கவில்லை. அதனால் மூன்றரை ஆண்டு கிடந்துவிட்டு, காயம் எதுவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியல்ல. அரை நூற்றாண்டுக்கு மேல் அலமாரியில் தூங்கியது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டாத ஆண்டு உண்டா எங்கள் பக்கத்தில்? வெட்டினார்கள், போலீஸ்காரரும் வந்து சோறு சாப்பிட்டுப் போனார். 2003 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஆண்டுக் கொடையில் எங்கள் சாமிகொண்டாடி கழுத்தில் மாலையோடும் கையில் அரிவாளோடும் நிற்கிறார். எதிரே மாலை போட்ட கிடா நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உதவி ஆய்வாளர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பூசணிக்காயை வெட்டினார்கள். கிடா இரவோடு இரவாக யார் வீட்டுக்கோ போனது. 2004 தொடக்கத்திலேயே அரசு அந்தச் சட்டத்தை நீக்கியது.

பலியிடல் சரியா தவறா என்பது வேறு வழக்கு. யாரும் பயன்படுத்தாத சட்டம் செத்துவிட்டது என்று நினைத்திருந்தோம். திடீரென்று ஒரு நாள் அது சீருடை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது. நிறைவேற்றச் செலவான நேரத்தைவிட, நீக்காமல் விட்ட 53 ஆண்டுகள்தான் இங்கே கணக்கில் வர வேண்டியவை.

அரசாணை

மூன்றில் மலிவானது இது. சபை கூட வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். ஒரு துறைச் செயலர் கையெழுத்துப் போட்டால் போதும். “இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களுக்குச் சபையின் நேரம் எதற்கு, அரசாணை போதாதா?” என்று படித்தவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான், 2020 ஜூன் வரை.

ஊரடங்கு நேரம் அது. ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 1,018 ஊர்களுக்கு ஒரு பட்டியலோடு அரசாணை வெளியானது. எண்ணத்தில் தவறில்லை. ஆனால் பக்கத்துத் தூத்துக்குடியின் ஆங்கிலப் பெயர் 9 எழுத்திலிருந்து 14 எழுத்தாக வளர்ந்திருந்தது. வேலூர் ஆங்கிலத்தில் ‘வீலூர்’ என்று படிக்கும்படி ஆனது. மாநிலமே சிரித்தது. சில நாள்களில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அதே பட்டியலைச் சபையில் வைத்திருந்தால், தூத்துக்குடிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து தன் ஊரை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார். ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

எழுத்துப் பிழையோடு போனால் சிரித்துவிட்டுப் போகலாம். பெயர் வைப்பது அவ்வளவு விளையாட்டு இல்லை என்பதை எங்கள் சீமை 1997-இல் கற்றது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். 1986-இல் திருநெல்வேலி இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பாதி சிதம்பரனார் மாவட்டம் ஆயிற்று, மறு பாதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பஸ்ஸும் கட்டபொம்மன் பஸ்தான். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது சாதி எதிர்ப்பு கிளம்பியது, தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்களும் போயின. முடிவில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. பஸ்களில் பழைய பெயரின் மேல் பெயின்ட் அடித்தார்கள். அவசரத்தில் அடித்த ஒற்றைப் பூச்சு; வெயில் பட்டால் அடியில் ‘கட்டபொம்மன்’ மங்கலாகத் தெரியும்.

எந்த மன்றத்திலும் நின்று விவாதிக்காமல் வைத்த பெயர்கள், அதேபோல் விவாதிக்காமல் எடுத்த பெயர்கள். அதன் மிச்சத்தைச் சுமந்தவர்கள் நாங்கள். என் அண்ணன் சான்றிதழில் கட்டபொம்மன் மாவட்டம், என்னுடையதில் திருநெல்வேலி மாவட்டம். “ஒரே ஊர், ஒரே வீடு என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று ஓர் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். ஆதாரம் வாங்க மூன்று நாள் அலைந்தேன். கடையத்தில் இருக்கும் அத்தை கதை இன்னும் அழகு. திருநெல்வேலி, கட்டபொம்மன், மறுபடி திருநெல்வேலி, 2019 நவம்பர் முதல் தென்காசி என்று வீட்டுப் படியிறங்காமலே மாவட்டம் மாவட்டமாகக் குடிபோய்க்கொண்டிருக்கிறாள்.

அரசாணைக்கு நியாயமான இடமும் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ ஆணையோ எதுவும் இல்லை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அதே மாதம் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை போட்டது. தண்டனை எதையும் சேர்க்கவில்லை. வேலை முடிந்தது. பாட்டை எழுதிய மனோன்மணியம் சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஊர்க்காரன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

தமிழ்நாடு நாள் விஷயத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. 2019-இல் நவம்பர் 1 என்றார்கள். 2021-இல் ஜூலை 18 என்றார்கள். புத்தாண்டை மாற்றிய அதே ஊசலாட்டம்தான், சபைக்கு வெளியே. செங்கோட்டைக்காரரிடம் கேட்டால் நவம்பர் 1 என்பார்; 1956-இல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து அந்த ஊர் நெல்லையோடு சேர்ந்தது அன்றுதான். அவரிடம் யார் கேட்டார்கள்?

தீர்மானம்

ஜூலை 18-க்குக் காரணமே ஒரு தீர்மானம். 1967-இல் அந்த நாளில் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. அங்கே 1968-இல் சட்டமாகி, 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர்தானே, இதற்கு இவ்வளவு நேரமா என்று அன்றும் கேட்டிருப்பார்கள். சங்கரலிங்கனார் அந்தப் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-இல் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டவர். எது சில்லறை, எது சில்லறை இல்லை என்பதை விஷயத்தின் அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

தீர்மானம் இழுபறியாகவும் ஆகும். மேலவையை 1986-இல் ஒழித்தார்கள். 1989-இல் மறுபடி வேண்டும் என்று தீர்மானம்; 1991-இல் வேண்டாம் என்று தீர்மானம்; 2010-இல் வேண்டும், நாடாளுமன்றமும் சட்டம் போட்டது; 2011-இல் வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் ஓர் உறுப்பினர்கூட அந்த மேலவையில் போய் உட்காரவில்லை. வீண்செலவு என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் நான் இங்கே பயன்படுத்துவேன்.

இருந்தாலும் உணர்ச்சி சார்ந்த விஷயங்களுக்கு மூன்றில் தீர்மானமே மேல். எல்லோரும் பேசலாம், பதிவாகும், யாரையும் கட்டாது. பல் இல்லாத பாம்பு. (ஒரே ஒரு முறை கடித்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. 1987-இல், எங்கள் சேரன்மகாதேவித் தொகுதிக்காரர் பி.எச். பாண்டியன் சபாநாயகராக இருந்தபோது, அட்டையில் வெளியான ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்துச் சபை தீர்மானித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் விடுவித்தார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது.)

அந்த ஒரு நாள்

இப்படி மூன்றையும் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது தராசில் ஏறாத ஒன்று மிச்சம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்ததால் மே முதல் நாள் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே நாளில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்தின் நடுவே குளமோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழிவகுக்கிறது.

100 ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ 247 ஏக்கர். எங்கள் தாமிரபரணியில் கன்னடியன் அணைக்கட்டுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே, ஒரு வாய்க்காலோ குளமோ குறுக்கிடாத 247 ஏக்கரை யாராவது காட்டட்டும், பார்க்கலாம். கார், பிசானம் என்ற இரண்டு நெற்போகமும் விளைவது அந்தக் குறுக்கீடுகளால்தான்.

எனவே என் தீர்ப்பு டீக்கடைக்காரர்களுக்கு ஒத்துவராது. பெயரும் நாளும் பாட்டும் தீர்மானத்தோடு நிற்கட்டும். அலுவலக நடைமுறைக்கு அரசாணை, அதுவும் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டு. தண்டனை இருந்தால் மட்டும் சட்டம், கூடவே அதற்கு ஒரு காலாவதித் தேதி. புத்தாண்டுச் சட்டத்தில் சபை செலவழித்த நேரத்தை நான் மன்னித்துவிடுவேன். 2023 ஏப்ரல் 21 அன்று செலவழிக்காமல் மிச்சம் பிடித்த நேரத்தை மன்னிக்க மனம் வரவில்லை.

போன பிசானத்தில் எங்கள் ஊர் நீர்பாய்ச்சியிடம் இந்த நிலச் சட்டத்தைச் சொன்னேன். மடைக்கு மேலே குந்தியிருந்தார். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “எத்தனை மணி நேரம் பேசினார்கள் தம்பி?” என்றார். பேசவே இல்லை என்றேன். எழுந்து போய் இரண்டு மண்வெட்டி மண் போட்டு ஒரு வயலின் வாய்மடையை அடைத்தார். தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பியதும் நிமிர்ந்தார்.

“விசுவுக்குப் பேசினார்களே” என்றார்.