மேடையும் லைட்டும் வாடகைக்கு: நடன விழாவுக்கு எடுத்த அனுபவம்

பாளையங்கோட்டையில் இரண்டு நாள் சமகால நடன விழாவுக்கு மேடை, லைட், சவுண்ட் மூன்றையும் ஒரே வாடகைக் கடையில் எடுத்தோம். சவுண்ட் அருமை, குறையே இல்லை. மேடைதான் படுத்திவிட்டது. கல்யாண மேடை மாதிரி கம்பளத்தை விரித்துவிட்டு "அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார்கள். வெறும் உடம்போடு தரையில் உருண்டு புரண்டு ஆடுகிறவர்களுக்குக் கம்பளம் தோலை உரித்துவிடும் என்று சொல்லிச் சுருட்டிப் பார்த்தால், பிளைவுட் இணைப்பில் ஓர் ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைப் பையன் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாகக் கையால் தடவி, அடித்து இறக்கி, இணைப்பெல்லாம் டேப் ஒட்டிக் கொடுத்தான். தனிக்காசு கேட்கவில்லை. லைட்டைப் பக்கவாட்டில் வைத்தால்தான் உடம்பின் வளைவு தெரியும் என்று புரியவைக்க ஒரு ராத்திரி போயிற்று. நெல்லையப்பர் கோவிலில் நடராசர் ஆடுவதற்கென்றே தாமிர சபை என்ற மண்டபம் இருக்கிற ஊர், நமக்கு ஒரு நல்ல மரத்தளம் கிடைக்கவில்லை பாருங்கள்! முன்கூட்டிப் பேசியிராத ஜெனரேட்டர் வாடகையைக் கடைசியில் நீட்டியதுதான் கசப்பு. நடனம் அமைத்தவர்களுக்கு ஒத்திகைச் சம்பளமாகப் போக வேண்டிய பணம் அது. அடுத்த முறையும் இவர்களிடம்தான் போவேன், ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மேடையை ஒரு நாள் முன்னாடியே போடச் சொல்லி.