மரினா அணைக்கட்டு: ஊருக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம்

அணை என்றவுடன் மலையிடுக்கையும் நீரில் மூழ்கிய ஊர்களையும் எண்ணிப் பழகிய நமக்கு, சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டு முதல் பார்வையில் ஓர் அகன்ற பாலமாகவே தோன்றும். ஏறத்தாழ 350 மீட்டர் நீளமுள்ள அதன் ஒரு பக்கம் கடல். மறுபக்கம், முன்பு கடலாகவே இருந்து இன்று குடிநீருக்குப் பயன்படும் தேக்கம். 2008இல் திறக்கப்பட்ட இது நாட்டின் பதினைந்தாவது நீர்த்தேக்கம். நகர மையத்தில் அமைந்த முதலாவது.

நின்று கவனிக்க வேண்டியவை ஒன்பது எஃகு மதகுகள். மழை கொட்டும் நேரத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் அவை சாய்ந்து உபரி நீரை வெளியேற்றும். ஓதம் ஏறியிருக்கும்போது திறந்தால் கடல் உள்ளே புகுந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றும் விநாடிக்கு 40 கன மீட்டர் இறைக்கும் ஏழு பம்புகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஆக, குடிநீருக்காகக் கட்டிய சுவரே தாழ்வான பகுதிகளை வெள்ளத்திலிருந்தும் காக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது, உப்பை நீக்கிய முறைதான். மதகுகளை அடைத்துவிட்டு, மழைநீர் உவர்நீரைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும்வரை காத்திருந்தார்கள். 2010 நவம்பரில்தான் அது நன்னீர்த் தேக்கமாயிற்று.

இதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், அதாவது தீவின் ஆறில் ஒரு பங்கு. அத்தனையும் சாலைகளும் கூரைகளும் நிறைந்த நகரம். 1977இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ விடுத்த அறைகூவலை ஏற்று, பத்தாண்டுகள் பாடுபட்டுச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் தூய்மைப்படுத்தியிராவிட்டால், இந்தச் சுவர் சாக்கடையைத்தான் தேக்கியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. மழை பொய்த்தால் இத்தேக்கமும் கைவிரிக்கும். அருகிலுள்ள மரினா ஈஸ்ட் ஆலை, மழைக்காலத்தில் தேக்க நீரையும் வறண்ட காலத்தில் கடல்நீரையும் சுத்திகரிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது அதனால்தான். அண்டை நாடான மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் பெறுவதற்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இத்தனை முன்னெச்சரிக்கை மிகையாகத் தோன்றாது. அணைக்கட்டில் உள்ள கண்காட்சிக் கூடமோ சுற்றுச்சூழல் முழுவதையும் பேச முனைவதால், தேக்கத்தின் கதை அங்கே மெலிந்துவிடுகிறது.

பட்டம் விடுவோர் கூடும், அணைக்கட்டுக் கட்டடத்தின் புல்வெளிக் கூரையில் நிழலை எதிர்பார்க்க வேண்டாம். மாலையில் செல்வதே நல்லது. மதகுகள் இயங்குவதைக் காண விரும்புவோர் மழை நாளில்தான் போக வேண்டும். மற்ற நாள்களில் அவர்களுக்குக் கிடைப்பது நல்லதொரு பூங்கா மட்டுமே.